ஊர் என்னுஞ் சொல்

தெற்கே கொள்ளிடமும் வடக்கே வெள்ளாறும் எல்லையாக, சிராப்பள்ளிச் சீமையின் வடகீழ்ப் பகுதியாய் நெடுங்காலம் இருந்த நிலம், 1995-ஆம் ஆண்டிற் பெரம்பலூர் என்னும் பெயரால் தனி மாவட்டமாயிற்று. அதினின்று அரியலூர் 2001-இற் பிரிந்து, 2002-இல் மீண்டும் சேர்ந்து, 2007-இல் முடிவாகப் பிரிந்தது. இங்ஙனம் ஆட்சியெல்லைகள் பலகால் மாறினும், இவ்விரு தலைநகர்ப் பெயர்களின் இறுதியிலும் நின்ற ஒரு சொல் மாறாது நின்றது. அஃது ஊர் என்பது. ஓருயிரும் ஓர் ஒற்றுமாகிய இச் சிறுசொல்லைப் பற்றி எழுந்த ஆராய்ச்சியும் ஆரவாரமும் பல. மேலையாசியாவிற் புதையுண்டு கிடந்த ஊர் என்னும் மாநகரம் தமிழர் நிறுவியதே எனவும், உலகத்து மொழிகளிலெல்லாம் இச்சொல் பரவிற்று எனவும் கூறுவார் கூற்றுக்கள் சென்ற நூற்றாண்டு முதலாக வழங்கி வருகின்றன. அவை எத்துணை வலியுடையன என்பதும், இச்சொல்லுக்கு உரிமையான வரலாறு யாது என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

முதற்கண் இவ்விரு பெயர்களையே நோக்குக. அரி என்பது திருமால், இல் என்பது இருப்பிடம், ஆகலின் அரியிலூர் என்பதே அரியலூராயிற்று என்பர் ஒரு சாரார். உ. வே. சாமிநாதையரவர்கள் தம் வரலாற்று நூலில் இப்பெயரை அரியிலூர் என்றே எழுதுவர். அவர் இளமையிற் சடகோபையங்காரிடத்துத் தமிழ் பயின்றது அவ்வூரிலாம். பெரம்பலூரைச் சார்ந்த குன்னத்திலும் அவர் குடும்பம் சில காலம் தங்கியிருந்தது. ஆயினும் அரியல் என்பது பழந்தமிழில் வடித்தெடுத்த கள்ளுக்குப் பெயராதலை நோக்குவார்க்கு, திருமாலை இழுத்துக் கொணர்ந்து நிறுத்துதல் இன்றியமையாததன்று. பெரம்பலூர் என்பதனைப் பெரும்புலியூர் என்பதன் மரூஉவாகக் கொள்ளப் புகின், தேவாரம் பெற்ற பெரும்புலியூர் திருவையாற்றை அடுத்தது என்னும் உண்மையை மறத்தலாகாது. முன்மொழிகள் இங்ஙனம் ஐயத்திற்கு இடனாக, பின்மொழி ஒன்றே எவர்க்கும் ஐயமின்றி விளங்குகின்றது. ஊர்ப்பெயர் ஆராய்வார்க்கு இது பொதுவிதி போலும்: முன்னது மருவும், தேயும், புராணக் கதைக்கு இடங்கொடுக்கும், பின்னது நிலைத்து நிற்கும்.

இனி, இச்சொல் இனமொழிகளில் வழங்குமாறு காண்க. மலையாளத்தில் ஊர்; கன்னடத்திலும் துளுவிலும் தெலுங்கிலும் ஊரு; குடகிலும் அதுவே சிறிது திரிந்து வழங்கும். தெலுங்கர் பன்மையில் ஊள்ளு என்பர். நெல்லூரு, குண்டூரு, ஏலூரு எனவும், பெங்களூரு, மைசூரு, மங்களூரு எனவும், கண்ணூர், குருவாயூர் எனவும் இச்சொல் தென்னாடு முழுதும் பரந்து கிடக்கின்றது. இன்று திருச்சூர் எனப்படும் மலைநாட்டு நகரின் முழுப்பெயர் திருச்சிவப்பேரூர் என்பது சைவர்க்கு உவகை தருவதாம். அந்நாட்டிலே கோயிலின் உடைமையும் மேற்பார்வையும் பூண்டவர் ஊராளர் எனப்பட்டனர். அவ்வுரிமைக்கு ஊராய்மை என்பது பெயர். அட்டப்பாடி முதலிய மலைப்பகுதிகளில் வாழும் பழங்குடிகளின் குடியிருப்பை இன்றும் ஊர் என்றும், அதன் தலைவனை ஊருமூப்பன் என்றும் கூறுவர். இங்ஙனம் வடிவும் பொருளும் ஒருங்கே ஒத்து, இலக்கணத்தானும் ஓரினமென நிலைநாட்டப்பெற்ற மொழிகளில் வழங்குதலின், இச்சொல் அவ்வினத்தின் பொதுச்சொத்து என்பதில் ஐயமின்று. பரோவும் எமனோவும் 1961-இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பகராதியும் இதனை அங்ஙனமே கொண்டது.

ஆயினும் இவ்வினமொழிகளுள்ளேயே ஒரு வழுக்குநிலம் உண்டு. கன்னடத்தில் ஊரு என்னும் வினை, நிலத்தில் அழுந்த நாட்டுதலையும் ஊன்றுதலையும் உணர்த்தும். நம் ஊன்றுகோலை அவர் ஊருகோலு என்பர். தெலுங்கில் ஊரு என்னும் வினையோ கசிந்து ஊறுதலை உணர்த்தும். நம் ஊறுகாய் அவர்க்கு ஊரகாய. தமிழில் ஊர், ஊன்று, ஊறு என மூன்று சொற்கள் தம்முள் மயங்காமல் நிற்க, அம்மொழிகளில் வல்லின றகரம் வழக்கொழிந்தமையாலும் மெல்லொற்றுக் கெட்டமையாலும் இவை ஒலியில் ஒன்றாயின. உடன்பிறந்த மொழிகளிலேயே ஒலியொப்புமை இத்துணை மயக்கந் தருமாயின், முன்பின் அறியாத மொழிகளில் அதனை நம்பிச் செல்லுதல் எத்துணை இடர்ப்பாடு என்பது எளிதிற் புலனாகும்.

அவ்விடர்ப்பாட்டைச் சில எடுத்துக்காட்டுக்களான் அறியலாம். ஐரோப்பாவின் மேல்கோடியிற் பாசுக்கு மொழியார் நீரை உர் என்பர். அங்கேரியர் தலைவனையும் ஐயன்மீரையும் ஊர் என்று விளிப்பர். செருமானிய மொழியில் ஊர் என்பது ஆதி, முதல் என்னும் பொருட்டாய்ப் பிற சொற்களின் முன்னே நிற்கும். அதனோடு ஏறத்தாழ ஒலிக்கும் வேறொரு சொல் கடிகாரத்தைக் குறிக்கும், அஃது இலத்தீன் மொழியில் நாழிகைக்குரிய ஹோரா என்பதன் திரிபு. ஆர்மீனியர் 'எங்கே' என்று வினவுதற்கு உர் என்பர். அண்மையில் உள்ள சிங்களத்திலோ ஊரா என்பது பன்றி. வடமொழிச் சூகரம் அங்ஙனம் தேய்ந்தது. வடமொழியில் ஊரு என்பது தொடை. துரியோதனன் தொடை முறிந்த செய்தியைப் பற்றிப் பாசர் இயற்றிய நாடகம் ஊருபங்கம் எனப் பெயர்பெற்றதும் அதனானே. குறிலாய் உரு என நிற்பின் அம்மொழியில் அகன்றது என்பது பொருள். நீர், தலைவன், ஆதி, கடிகை, பன்றி, தொடை என்னும் இவற்றையெல்லாம் ஒரு வேரிற் பூட்டுதல் சொல்லாராய்ச்சியன்று, கழைக்கூத்து. உரோமர் தம் நகரை உர்ப்சு என்றனர். அவருட் பேரறிஞராகிய வாரோ என்பார், எருதுகளைப் பூட்டி வட்டமாய் உழுசால் இட்டு நகரெல்லை வகுத்த வழக்கத்தினின்று அச்சொல்லை வருவித்தனர். அதன் பிறப்பு இன்றும் அறுதியிடப்படவில்லை. ஒலியைக் கொண்டு கதை புனைதல் எந்நாட்டிலும் உண்டு என்பதற்கு இது சான்றாம்.

இவற்றினும் பெரிதாய் எடுத்துரைக்கப்படுவது சுமேரியர் நகராகிய ஊர். இதனைச் சிறிது விரிவாக ஆராய்தல் வேண்டும். இராக்கு நாட்டின் தென்பகுதியில், யூப்பிரட்டீசு ஆறு பண்டு ஓடிய இடத்தை அடுத்து உள்ள மேட்டில், 1922 முதல் 1934 வரை லெனார்டு உல்லி என்பார் பிரிட்டிஷ் பொருட்காட்சிச் சாலையின் சார்பாகவும் பென்சில்வேனியப் பல்கலைக்கழகப் பொருட்காட்சிச் சாலையின் சார்பாகவும் அகழ்ந்தனர். அரசர் கல்லறைகளும், பிறைக்கடவுளாகிய நன்னாவிற்கு எடுத்த படிக்கோயிலும், பல்லாயிரம் களிமண் ஏடுகளும் வெளிப்பட்டன. கல்லறைகளிற் கிடைத்த செம்மணிகளுட் சில சிந்துவெளியிற் செய்யப்பட்டவை என்பது தெளிவு. பிறை சூடிய பெருமானை வழிபடும் தமிழர்க்கு, ஊர் என்னும் பெயருடைய நகரிற் பிறைக்கடவுளின் கோயில் உண்டு என்னுஞ் செய்தி பெரியதோர் கிளர்ச்சியை விளைத்ததில் வியப்பில்லை. அதற்கு முன்னரே 1913-இல் ஹால் என்னும் வரலாற்றாசிரியர் சுமேரியர் முகத்தோற்றம் தென்னிந்தியத் திராவிடரை ஒக்கும் என எழுதியிருந்தனர். 1965-இல் ஈழத்தறிஞர் சதாசிவம் அவர்கள் சுமேரியம் திராவிட மொழியே என நிறுவ ஒரு நூலும் எழுதினர்.

ஆயினும் ஏடுகளைப் படித்தார் கூறுவது வேறு. அந்நகரின் சுமேரியப் பெயர் உரிம் என்பது. அக்காதியர் வாயில் இறுதி மகரம் கெட்டு ஊரு என்றாயிற்று. எபிரேயர் மறையில் ஊர் என வந்தது. ஆகவே தமிழ்ச் சொல்லோடு முற்றும் ஒத்த வடிவம் பிற்காலத்ததும் வேற்றினத்தார் வாய்ப்பட்டதுமேயன்றி, அந்நகரை எடுத்தவர் வழங்கியதன்று. அவ்வெபிரேயத்திலே ஊர் என்பதற்கு நெருப்பு, சுடர் என்னும் பொருள் உண்டு; நகரத்திற்கு அவர் வழங்குஞ் சொல் ஈர். கிறித்துவ மறையைத் தமிழிற் பெயர்த்தார் இப்பெயர் வருமிடத்து, வறிதே ஊர் என விடின் படிப்போர் மயங்குவராதலின், ஊர் என்கிற பட்டணம் என விளக்கிச் செல்ல வேண்டியதாயிற்று.

சுமேரியத்தில் நகரம் என்னும் பொதுப்பொருளில் உரு என்றொரு சொல் உண்டு. இதனை இரி எனவும் படிப்பர். உரிம் என்னும் இடுபெயரோடு இதற்குத் தொடர்பில்லை; இரண்டும் வெவ்வேறு குறிகளால் எழுதப்பட்டவை. இவ் உரு என்பதே தமிழ் ஊருக்கு மிக அணித்தாய் நிற்பது. வடிவும் பொருளும் ஒத்தமையின் இதனை எள்ளி ஒதுக்குதல் முறையன்று. ஆயின் ஒரு சொல்லின் ஒப்புமை ஒரு மொழியின் உறவாகாது. எண்ணுப்பெயர், மூவிடப்பெயர், வேற்றுமையுருபு, வினைவிகுதி என்பன தம்முள் ஒழுங்குபட ஒத்தாலன்றி உறவு கூறுதல் கூடாது என்பது இனமொழிகளை ஒப்பிட்டு நிறுவிய கால்டுவெல் முதலாயினார் கைக்கொண்ட நெறி. சுமேரியத்திற்கு அவ்வகை ஒப்புமை எம்மொழியோடும் இதுகாறும் நிலைநாட்டப்படவில்லை. அது தனித்து நிற்கும் மொழி என்பதே அறிஞர் பெரும்பாலார் துணிபு. மணிகள் கடல் கடந்து சென்றமை வாணிகத்திற்குச் சான்றாமன்றிக் குடிவழிக்குச் சான்றாகாது. இன்னும் ஒன்று. அந்நகரிற் படிக்கோயில் எடுத்த வேந்தன் பெயர் உர்நம்மு. இதன்கண் உள்ள உர் என்பது நகரமன்று. அக்குறிக்கு நாய் என்பது பொருள், நம்மு என்னும் தெய்வத்தின் அடியான் அல்லது வீரன் என்பது கருத்து என்பர். இறைவன் முன் தம்மை நாயென்றே கூறிக்கொண்ட மாணிக்கவாசகரை நினைப்பார்க்கு இவ்வொப்புமை ஒலியொப்புமையினும் இனிதாகலாம். ஆயினும் அதுவும் கருத்தின் ஒப்புமையே, வரலாற்றுத் தொடர்பன்று.

ஊர், புரம் என்னும் இரண்டனையும் ஒன்றாகக் கருதுவாரும் உளர். புரம் என்பது வடமொழி. இருக்கு வேதத்தில் அரண் என்னும் பொருளில் வரும் பூர் என்பதனோடு சேர்ந்தது, கிரேக்கர் நகரத்திற்கு வழங்கும் பொலிசு என்பதன் இனம். நாகபுரி, கான்பூர் முதலிய வடநாட்டுப் பெயர்களின் இறுதி இதுவேயாம். நம் ஊருக்கு உறவன்று. இவ்விரு மாவட்டங்களிலும் வாலிகண்டபுரம், கங்கைகொண்டசோழபுரம் எனப் புரங்களும் உண்டு. முதலாம் இராசேந்திரன் கங்கை வெற்றியின் நினைவாக அமைத்த அத்தலைநகர் ஏறத்தாழ 250 ஆண்டு சோழப்பேரரசின் இருக்கையாய் விளங்கிற்று. இன்று மாளிகைகள் அழிந்து அடித்தளமாகக் கிடக்க, கருவூர்த்தேவர் திருவிசைப்பாப் பெற்ற கங்கைகொண்டசோளேச்சரம் மாத்திரம் நிமிர்ந்து நிற்கின்றது. 2004-இல் அஃது உலக மரபுச் சின்னங்களின் வரிசையிற் சேர்க்கப்பட்டது. வேந்தன் இட்ட பெயரிற் புரமாயிருந்தது, இன்று வாழ்வார் வழக்கில் ஓர் ஊர்.

ஊர் என்னுஞ் சொல்லின் உண்மைப் பழமைக்குச் சான்று தேடுவார் யூப்பிரட்டீசுக் கரைக்குப் போதல் வேண்டா, காவிரிக்கரையே போதும். கருவூரை அடுத்த புகழூர்க் குன்றில், சமண முனிவர் படுக்கைகளை அடுத்துப் பொறித்த தமிழி எழுத்துக்களில், கருஊர்ப் பொன்வாணிகன் ஒருவனும் யாற்றூரைச் சார்ந்த முனிவர் ஒருவரும் குறிக்கப்படுகின்றனர். கருவூர் என உடம்படுமெய் பெறாது கருஊர் என நிற்றலின், ஊர் தனிச்சொல்லாய் நின்றமை கண்கூடு. கி. பி. இரண்டாம் நூற்றாண்டினராகிய தாலமி என்னும் யவன நூலார், சேரர் தலைநகரைக் கரௌரா எனவும், சோழர் தலைநகரை ஒர்த்தௌரா எனவும் தம் மொழியில் எழுதிவைத்தனர். கருவூரும் உறையூருமே அவை. முன்மொழி யவனர் நாவிற் சிதைந்ததெனினும் இறுதிமொழி அடையாளம் மாறாது நின்றமை, மேற்கூறிய விதிக்கு இயைபுடையதாதல் காண்க.

இனிப் பொருளை நோக்குவாம். மருதநிலத்துப் பேரூரும் மூதூரும் ஊரெனப்பட்டன. அந்நிலத் தலைமகன் ஊரன். குறிஞ்சிக்குச் சிறுகுடியும், முல்லைக்குப் பாடியும், நெய்தலுக்குப் பாக்கமும் பட்டினமும் கூறப்பட்டன. ஆகவே ஊரென்பது தொடக்கத்தில் வயலும் நீரும் சார்ந்த குடியிருப்பு எனல் பொருந்தும். சந்திரனையும் சூரியனையும் சுற்றித் தோன்றும் ஒளிவட்டத்தை ஊர்கோள் என்னும் வழக்கும் உண்டு; நடுவே ஒன்றிருக்க அதனைச் சூழ்ந்து நிற்றலின் அப்பெயர் வந்தது போலும். ஊர்தல் என்னும் வினையினின்று இச்சொல்லை வருவிப்பாரும், உறைதலினின்று வருவிப்பாரும் உளர். இடையின ரகரமும் வல்லின றகரமும் தம்முள் மயங்கா ஆதலின் பின்னது பொருந்தாது. முன்னது ஒலியளவில் இயையினும், இயங்குதலை உணர்த்தும் வினை நிலைத்த இருக்கைக்குப் பெயராயினமைக்குத் தக்க சான்று வேண்டும். அகராதியார் இரண்டனையும் வேறுவேறாகவே வைத்தனர்.

இலக்கண நூலார் ஊர் சிரித்தது என்பதனை இடவாகுபெயருக்கு எடுத்துக்காட்டுவர். இடத்தின் பெயர் ஆண்டு வாழும் மக்களுக்கு ஆயிற்று என்பது அவர் கருத்து. ஆயின் வழக்கை நுணுகி நோக்குவார்க்கு, மக்கள் என்னும் பொருள் பின்னர் ஏறியதோ, முன்னரே உடன் நின்றதோ என்னும் ஐயம் தோன்றும். திருக்குறளில் வரும் ஊருணி என்னுஞ் சொல்லைப் பிரித்து நோக்குக: ஊர் உண்ணும் நீர்நிலை. உண்பது மண்ணன்று, மக்கள். சோழர் கல்வெட்டுக்களில் இது மேலும் விளங்கும். பார்ப்பனர்க்குப் பிரமதேயமாய் விட்ட இடத்துக் கூட்டம் சபை எனவும், வணிகர் கூட்டம் நகரம் எனவும் வழங்க, வேளாண் குடிகளின் கூட்டம் ஊர் என்றே பெயர்பெற்றது. நிலம் விற்றும், கோயில் விளக்குக்குப் பொன் பெற்றும், வரி இறுத்தும் அவர் தம்மை ஊரோம் எனக் குறிப்பர். ஊர் கூடிற்று என அஃறிணையாய் முடிவது, கல்லிலே தன்மைப் பன்மையாய்த் தானே பேசுகின்றது. சப்பானிய அறிஞர் கராசிமா 1966-இல் சிராப்பள்ளியை அடுத்த அல்லூர், ஈசானமங்கலம் என்னும் இரண்டனையும் ஒப்பிட்டு, பிரமதேயமாகிய பின்னதில் நிலம் தனித்தனியார் உடைமையாயிருக்க, அல்லூரில் ஊரார் பொதுவுடைமையாய் ஆண்டமை மிகுதி எனக் காட்டினர். இடப்பெயரின் ஈறு கொண்டு ஆட்சிமுறையைத் துணிதலும் ஆகாது. அரியலூர் மாவட்டத்துக் கீழப்பழுவூர், ஞானசம்பந்தர் பாடிய ஆலந்துறையார் கோயிலையுடையது, கல்வெட்டுக்களிற் சிறுபழுவூர் என வருவது. பெயரில் ஊராயினும் அது பிரமதேயம்.

இவ்வூரோம் என்பதனுள் எல்லாரும் அடங்கினரோ எனின், இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் வெட்டுவித்த சாசனங்கள், இறையிலி நிலங்களைக் கூறுமிடத்து ஊர்நத்தம், குளம், வாய்க்கால் என்பவற்றோடு கம்மாணச்சேரி, தீண்டாச்சேரி என்பவற்றையும், சுடுகாட்டையும் வேறுவேறாக எண்ணுகின்றன. வயலில் உழைத்தார் இருக்கை ஊரின் எல்லைக்குள் இருந்தும் ஊரெனப்படவில்லை. ஊரும் சேரியும் எனப் பிரித்துரைக்கும் வழக்கு இன்றும் முற்றும் ஒழிந்திலது. சேக்கிழார் திருநாளைப்போவார் புராணத்தில் ஆதனூரின் வளத்தைப் பாடி, பின்னர் அதன் புறத்தே இருந்த புலைப்பாடியைத் தனியே பாடினமையும் இப்பிரிவினைக் காட்டும். ஆயினும் திருத்தொண்டர் வரிசையில் அவரை ஆதனூருக்கு உரியவராகவே அடியார் உலகம் போற்றி வருகின்றது. அவ்வூர்க் கூட்டத்தில் இருந்து ஊரோம் என்றவர் ஒருவர் பெயரும் இன்று எவரும் அறியார்.

சைவத் திருமுறைகளிலே இச்சொல் பெற்ற இடம் தனியாக ஆராய்தற்குரியது. சுந்தரமூர்த்திகள் தம் பெயரே ஆரூரர். ஊர்த்தொகை என ஒரு பதிகமும் பாடினர். திருநாவுக்கரசர் அடைவு திருத்தாண்டகத்தில் பள்ளி, வீரட்டம், குடி, ஊர், கோயில், காடு, வாயில், ஈச்சரம், மலை, ஆறு, துறை என ஈறுகளால் வகுத்துத் தலங்களைத் தொகுத்தனர். இடப்பெயர்களை ஈறு நோக்கி இனம்பிரித்தல் இக்காலத்தார் கண்ட முறை என்பார் இத்தாண்டகத்தை நோக்குவாராக; இரா. பி. சேதுப்பிள்ளை அவர்கள் 1946-இல் வெளியிட்ட ஊரும் பேரும் என்னும் நூலிற்கும் இதுவே முன்னோடி எனலாம். ஊர்களைத் தொகுக்கும் பாட்டு, சடையிற் பிறை ஊர்தலைக் கூறித் தொடங்கி, அவ்வொலியிலேயே ஊர்ப்பெயர்களை அடுக்கிச் செல்லும். வினையும் பெயரும் வெவ்வேறு சொற்கள் என்பதனை மறவாமலே அவற்றின் ஒலியொப்புமையை நாவலர் நயமாக ஆண்டமை அதனான் விளங்கும். இறைவனுக்கு ஓரூர் இல்லை எனப் பாடியவரே அவனுக்கு ஊர்கள் இத்துணை என எண்ணியதும் முரணன்று. எங்கும் நிறைந்தவன் உயிர்கள் உய்தற்பொருட்டு ஓரிடத்து விளங்கி நிற்பன் என்பதும், திருக்கோயிலை அரனெனவே தொழுக என்பதும் மெய்கண்டார் நூலின் பன்னிரண்டாம் சூத்திரத்தாற் பெறப்படும்.

அப்பாட்டில் எண்ணப்படும் ஊர்களுள் ஒன்று ஊற்றத்தூர். தனிப்பதிகம் இன்மையின் அது வைப்புத்தலமாயிற்று. பெரம்பலூரினின்று சிராப்பள்ளி செல்லும் நெடுஞ்சாலையிற் பாடலூருக்கு அண்மையில், சுத்தரத்தினேசுவரர் கோயிலோடு அவ்வூர் இன்றும் உள்ளது. அப்பரடிகள் சேய்மையில் நின்று பாடிய இடமே பாடலூர் என அப்பக்கத்தார் கூறுவர். ஊற்றத்தூர் என்பது இன்று ஊட்டத்தூர் என வழங்குகின்றது. றகரம் டகரமாயிற்று, ஊர் மாத்திரம் மாறிற்றிலது.